பொருளியல் பேராசிரியரின் ஆறு ஆண்டுக் கெடு

வேதியியல் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுப் பட்டியலையும் பொருளியல் பேராசிரியர் ஒருவரின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் குழப்பம்தான் வரும். முன்னவர் பெயரில் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இருக்கலாம். பின்னவர் உலகின் முன்னணித் துறை ஒன்றில் நிரந்தரப் பணி பெற்றவராகவே இருந்தாலும், அந்த இடத்துக்கு வந்தபோது அவர் கையில் பத்துக் கட்டுரைகூட இல்லாமல் இருந்திருக்கலாம். இதற்குச் சோம்பல் காரணமில்லை. பொருளியலில் ஒரு ஆய்வுக் கட்டுரை ஐம்பது அறுபது பக்கம் ஓடும். அதற்கு மேல் பின்னிணைப்புகள் தனி. முதல் வரைவிலிருந்து அச்சேறும் வரை மூன்று நான்கு ஆண்டுகள் ஆவது இந்தத் துறையில் யாரையும் வியக்க வைக்காது.

கட்டுரைகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் நீளம். ஒரு பொருளியல் பேராசிரியரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும். அவர் எங்கே வேலை பார்க்கிறார், யாருடன் சேர்ந்து எழுதுகிறார் என்பதோடு, எந்தக் கேள்வியை எடுக்கிறார், எதை எடுக்காமல் விடுகிறார் என்பதையும் இந்தக் கணக்கே பெருமளவு தீர்மானிக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருளியலாளர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது அரசுகளின் கொள்கை வரை போய்ச் சேர்கிற விஷயம்.

தொடக்கம் முனைவர் பட்டம். அமெரிக்க முறையில் இது பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். முதல் ஆண்டு முழுக்க நுண்ணியல் (தனி மனிதர்கள், நிறுவனங்களின் முடிவுகள்), பேரியல் (நாட்டின் பொருளாதாரம் முழுவதும்), பொருளாதார அளவையியல் (தரவை அலசும் புள்ளியியல் முறைகள்) என்ற மூன்று பாடங்கள். கணிதம் கடுமையாக இருக்கும். ஆண்டின் முடிவில் தகுதித் தேர்வு, அதில் தேறாதவர்கள் பலர் அங்கேயே விலகிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் தொழிலாளர் பொருளியல், வளர்ச்சிப் பொருளியல், சர்வதேச வணிகம் என்று ஏதாவது ஒன்றிரண்டு சிறப்புத் துறைகள். அப்புறம்தான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. அதுவரை பிறர் கொடுத்த கேள்விக்கு விடை எழுதி முதல் மதிப்பெண் வாங்கிய மாணவர், தானே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தாக வேண்டும். வகுப்பில் முதலிடத்தில் இருந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறி நிற்பதும், நடுவில் இருந்தவர்கள் முன்னே போவதும் இதனால்தான். இப்போதெல்லாம் முனைவர் பட்டத்துக்கு முன்பே ஓரிரு ஆண்டுகள் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு வரும் வழக்கமும் பரவிவிட்டது. ஆக, இருபத்திரண்டு வயதில் இளங்கலை முடித்தவர் வேலைச் சந்தைக்கு வரும்போது முப்பதை நெருங்கியிருப்பார்.

ஆய்வேடு என்பது பெரும்பாலும் மூன்று தனித்தனிக் கட்டுரைகளின் தொகுப்பு. மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. அதற்கு ‘ஜாப் மார்க்கெட் பேப்பர்’ என்று பெயர். வேலைக்கான விண்ணப்பம், நேர்காணல், செமினார் எல்லாமே அந்த ஒரு கட்டுரையைச் சுற்றித்தான் நடக்கும்.

அந்த வேலைச் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கள் துறையின் ஆள்சேர்ப்பைத் தாங்களே ஆராய்ந்து, தாங்களே திருத்தியமைத்தவர்கள் பொருளியலாளர்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கம் 1974 முதல் வேலை அறிவிப்புகளை ஒரே பட்டியலாக வெளியிடுகிறது. இலையுதிர் காலத்தில் மாணவர்கள் நூறு இடங்களுக்கும் மேல் விண்ணப்பிப்பது சகஜம். நீண்ட காலமாக முதல் சுற்று நேர்காணல்கள் ஜனவரித் தொடக்கத்தில், சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடக்கும் ஊரின் ஓட்டல்களில், அரை மணி நேரக் கணக்கில் நடந்தன. பெருந்தொற்றுக்குப் பிறகு அவை காணொளிக்கு மாறின. அதில் தேறியவர்களைப் பல்கலைக்கழகம் நேரில் அழைக்கும். ஒரு நாள் முழுக்கத் தனித்தனிச் சந்திப்புகள், நடுவே ஒன்றரை மணி நேர செமினார். பொருளியல் செமினாரில் பேச்சாளர் முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இரண்டாவது ஸ்லைடிலேயே கேள்வி பாயும். பதில் சொல்லும் நிதானத்தைத்தான் அங்கே எடைபோடுகிறார்கள்.

இந்தச் சந்தையில் ஒரு குறை இருந்தது. எல்லாரும் எல்லா இடங்களுக்கும் விண்ணப்பித்தால், யாருக்கு உண்மையிலேயே ஆர்வம் என்று துறைகளுக்குத் தெரியாது. மிகச் சிறந்த மாணவர் நம் ஊருக்கு எங்கே வரப்போகிறார் என்று ஒரு சிறிய கல்லூரி அவரை அழைக்காமலே விட்டுவிடும். அந்த மாணவரோ குடும்பக் காரணத்தால் அதே ஊரைத்தான் விரும்பியிருப்பார். ஆல்வின் ராத் தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி சொன்னது. 2006-07 பருவத்திலிருந்து ஒவ்வொரு விண்ணப்பதாரரும் சங்கத்தின் வழியாக இரண்டே இரண்டு இடங்களுக்கு ‘எனக்குச் சிறப்பு ஆர்வம் உண்டு’ என்று சைகை அனுப்பலாம். இரண்டே இரண்டு என்பதால்தான் அந்தச் சைகைக்கு மதிப்பு. செலவில்லாத சைகையை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-லேயே வேலைச் சந்தையை வைத்து விளக்கியிருந்தார். அவருக்கு 2001-லும் ராத்துக்கு 2012-லும் நோபல் பரிசு கிடைத்தது. ஏட்டுக் கோட்பாடு அதை எழுதியவர்களின் வாழ்க்கைக்கே இவ்வளவு நேராகப் பயன்பட்ட இடம் அபூர்வம்.

ஆனால் பரிந்துரைக் கடிதங்களின் எடையை எந்தச் சீர்திருத்தமும் குறைக்கவில்லை. மூன்று பேராசிரியர்கள் எழுதும் கடிதங்களில், ‘இவர் முன்பு எங்கள் துறையிலிருந்து போன இன்னாருக்குச் சமம்’ என்கிற மாதிரி ஒப்பீடு இருக்கும். அதைப் படிப்பவருக்கு அந்த இன்னாரையும் தெரியும், எழுதியவரையும் தெரியும். வழிகாட்டி யார் என்பது கட்டுரையின் தரத்துக்கு இணையாக இங்கே பேசும்.

சரி, வேலை கிடைத்துவிட்டது, உதவிப் பேராசிரியர். இப்போது கெடு ஓடத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஆறாம் ஆண்டில் துறை அவரை மதிப்பிடும். வெளிப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூத்தவர்களிடம் அவரைப் பற்றிக் கடிதங்கள் கேட்கும். ஓட்டெடுப்பு நடக்கும். தேறினால் இணைப் பேராசிரியர், ஓய்வு பெறும் வரை பணி உறுதி. தேறாவிட்டால் ஓராண்டு அவகாசத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரந்தரப் பணி என்ற இந்த ஏற்பாடு பிறந்ததில் பொருளியலாளர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1900-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து பொருளியல் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் வெளியேற்றப்பட்டார். ரயில்வே முதலாளிகளின் செல்வத்தில் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில், பொதுப் போக்குவரத்து பொதுச் சொத்தாக வேண்டும் என்று பேசியவர் அவர். ஆசியத் தொழிலாளர்கள் குடியேறுவதை இனவெறியோடு எதிர்த்தவரும் அவரே. அவர் பேச்சு நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. கண்டித்து ராஜினாமா செய்தவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்ற தத்துவப் பேராசிரியரும் ஒருவர். 1915-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் உருவாக முன்னின்றவர்களில் அவர் இருந்தார். அந்த ஆண்டு அச்சங்கம் வெளியிட்ட கல்விச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய குழுவுக்குத் தலைவர் எட்வின் செலிக்மன், கொலம்பியாவின் பொருளியல் பேராசிரியர். ராஸ் விவகாரத்தை விசாரித்த பொருளியலாளர் குழுவுக்கும் அவர்தான் தலைமை தாங்கியிருந்தார். 1940-ல் அதே சங்கத்தின் பங்கேற்போடு வந்த கோட்பாட்டு அறிக்கை, தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. இன்றைய கெடுவின் வேர் அங்கே இருக்கிறது. இளையவர்களை முடிவு சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த வரம்பு அது.

பேசும் சுதந்திரத்துக்காக வந்த பாதுகாப்பு, முதல் ஆறு ஆண்டுகளில் கிடையாது. அந்த ஆறு ஆண்டுகளில் எதைச் செய்தால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு தரவைத் திரட்டி ஒழுங்குபடுத்த ஓராண்டு, எளிதாக இரண்டாண்டு. எழுதி, பத்து இடங்களில் செமினார் கொடுத்துத் திருத்த இன்னும் ஓராண்டு. ஆய்விதழுக்கு அனுப்பினால் முதல் பதிலுக்குச் சில மாதங்கள். ‘திருத்தி மீண்டும் அனுப்புக’ என்று வந்தால் அது நல்ல செய்தி, ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓராண்டு போய்விடும். முதல் இதழ் நிராகரித்தால் அடுத்த இதழில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு தொடங்கும் எந்த ஆய்வும் மதிப்பீட்டு நாளுக்குள் அச்சேறும் என்று நம்ப முடியாது. ஆறு ஆண்டு என்று பெயருக்குச் சொன்னாலும், கேள்வியைத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளில் புதுப் பாடங்களுக்குக் குறிப்பும் தயாரிக்க வேண்டும்.

எந்த இதழ் என்பது இன்னொரு இறுக்கம். ஐந்து இதழ்களைத் துறை முழுக்கத் தனியாக வைத்துப் பேசுகிறார்கள்: அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ, குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி, எகனாமெட்ரிகா, ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ். டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லவிக்னாவும் 2013-ல் இவற்றின் வரலாற்றைக் கணக்கெடுத்தார்கள். 1990-க்கும் 2012-க்கும் இடையில் வந்து சேரும் கட்டுரைகள் ஏறக்குறைய இரு மடங்காயின. அச்சேறும் கட்டுரைகளோ 1970-களின் இறுதியில் ஆண்டுக்கு 400 அளவில் இருந்து 300-க்குக் குறைந்தன. 15 விழுக்காடாக இருந்த ஏற்பு விகிதம் 6 விழுக்காடானது. 1970-களோடு ஒப்பிட்டால் கட்டுரையின் நீளம் ஏறத்தாழ மும்மடங்கு. அதாவது, வாசலில் கூட்டம் பெருகப் பெருக வாசல் சிறுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஜேம்ஸ் ஹெக்மனும் சிதார்த் மோக்டனும் 2020-ல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவின் முன்னணித் துறைகளில் நிரந்தரப் பணி கிடைக்குமா என்பதை இந்த ஐந்து இதழ்களில் எத்தனை கட்டுரை என்பது பிற எந்த இதழையும்விட வலுவாகத் தீர்மானிக்கிறது. பெரிய தாக்கம் ஏற்படுத்திய கட்டுரைகள் ஏராளமாக இந்த ஐந்துக்கு வெளியிலும் வந்திருக்கின்றன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. கட்டுரையைப் படித்து மதிப்பிடும் உழைப்பைத் தவிர்க்க, இதழின் பெயரைப் படிக்கிறார்கள். இதை நான் துறையின் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

இதழ்கள் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு ஜார்ஜ் அக்கர்லாஃபின் அனுபவம் சான்று. பெர்க்லியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் அவர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் நல்ல கார்களும் சந்தையிலிருந்து விலகிவிடும் என்பதே அதன் சாரம். 1967 ஜூனில் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவுக்கு அனுப்பினார். அந்தக் கல்வியாண்டை அவர் இந்தியாவில் கழித்தார். நிராகரிப்புக் கடிதம் அங்கேதான் வந்தது. அற்ப விஷயம் என்பது காரணம். ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸும் அதையே சொன்னது. ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமிக்காகக் கட்டுரையை மதிப்பிட்ட நடுவர்கள் நேர்மாறாக, இது உண்மையானால் பொருளியலே வேறு மாதிரி இருக்க வேண்டுமே என்று தள்ளினார்கள். நான்காவதாக குவார்ட்டர்லி ஜர்னல் ஏற்றுக்கொண்டு 1970-ல் வெளியிட்டது. 2001-ல் ஸ்பென்ஸுக்கும் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸுக்கும் கிடைத்த நோபல் பரிசில் அவரும் பங்கு பெற்றது இந்தப் பணிக்காகத்தான். அன்றைக்கு மூன்று நிராகரிப்பு, ஒரு ஏற்பு எல்லாம் மூன்றாண்டுகளுக்குள் முடிந்துவிட்டன. இன்று அதே வரிசை நடந்தால், ஒரு உதவிப் பேராசிரியரின் கெடு முழுவதையும் அது விழுங்கிவிடக்கூடும்.

அடுத்தது, யார் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்ற கணக்கு. பொருளியலில் கூட்டாக எழுதுபவர்கள் பெயர்களைக் குடும்பப் பெயரின் அகர வரிசையில் போடுவதுதான் வழக்கம். 1970-ல் முன்னணி இதழ்களில் ஒரு கட்டுரைக்குச் சராசரி 1.3 ஆசிரியர்கள், 2012-ல் 2.3. லிரான் ஐனாவும் லியட் யாரிவும் 2006-ல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். அமெரிக்காவின் முதல் பத்துத் துறைகளில், குடும்பப் பெயரின் முதல் எழுத்து வரிசையில் முன்னால் இருப்பவர்கள் நிரந்தரப் பணியில் இருக்கும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் என்று தெரிந்தது. அகர வரிசையைப் பின்பற்றாத உளவியல் துறையில் இந்தப் போக்கு இல்லை.

பெண்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. கூட்டுக் கட்டுரைக்கு ஆணுக்குக் கிடைக்கும் அதே மதிப்பு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை, குறிப்பாக ஆண்களோடு சேர்ந்து எழுதும்போது அவர் பங்கு குறைத்தே எண்ணப்படுகிறது என்று ஹெதர் சார்சன்ஸின் ஆய்வு காட்டியது. எகனாமெட்ரிகாவில் பெண்களின் கட்டுரைகள் நடுவர் சுற்றில் ஏறக்குறைய அரை ஆண்டு கூடுதலாகத் தங்குகின்றன என்று எரின் ஹெங்கல் கண்டறிந்தார். கெடு ஆறே ஆண்டு என்னும்போது, ஒவ்வொரு கட்டுரைக்கும் அரை ஆண்டு தாமதம் என்றால் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல நோக்கத்தோடு செய்த திருத்தம்கூடத் தவறாகப் போனது. குழந்தை பிறந்தால் கெடுவை ஓராண்டு நிறுத்திவைக்கலாம், தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக, என்று பல பல்கலைக்கழகங்கள் விதி கொண்டுவந்தன. ஹெதர் அன்டகோல், கெல்லி பெடார்ட், ஜென்னா ஸ்டெர்ன்ஸ் மூவரும் அமெரிக்காவின் முதல் 50 பொருளியல் துறைகளின் விவரங்களை எடுத்து 2018-ல் வெளியிட்ட முடிவு இது: இந்த விதி வந்த பிறகு, முதல் வேலையிலேயே நிரந்தரப் பணி பெறும் ஆண்களின் விகிதம் கூடியது, பெண்களின் விகிதம் குறைந்தது. பிரசவத்திலிருந்து மீளவும் குழந்தையைக் கவனிக்கவும் பெண்களுக்கு அந்த ஆண்டு போனது. ஆண்களில் பலருக்கு அது இன்னொரு கட்டுரைக்கான ஆண்டாக அமைந்தது.

இந்தக் கெடுவுக்குள் அடங்காத கேள்விகள் என்ன ஆகின்றன? எலினோர் ஆஸ்ட்ரமைப் பார்க்கலாம். பொருளியலில் முனைவர் பட்டம் படிக்க விரும்பியவர், போதுமான கணிதம் படிக்கவில்லை என்பதால் அந்தக் கதவு மூடியது. அரசியல் அறிவியலுக்குப் போனார். தெற்குக் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரைப் பல தரப்பினர் எப்படிக் கூடிப் பேசிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை ஆராய்ந்து 1965-ல் பட்டம் பெற்றார். பொது வளங்களை மக்களே விதி வகுத்துப் பராமரிக்க முடியுமா என்ற அந்த ஒரே கேள்வியைக் காடு, பாசனம், மீன்பிடி என்று தொடர்ந்து கொண்டுபோய், 1990-ல்தான் முழுமையான நூலாக்கினார். 2009-ல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். கிளாடியா கோல்டினும் அப்படித்தான். ஆவணக் காப்பகங்களில் தேடி அமெரிக்கப் பெண்களின் உழைப்பைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தரவைத் தொகுத்தது பல பத்தாண்டு வேலை. அதற்கான நோபல் 2023-ல் வந்தது. ரொனால்ட் கோஸின் புகழ் பெரும்பாலும் இரண்டு கட்டுரைகளில் நிற்கிறது, ஒன்று 1937, மற்றொன்று 1960. இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள். இன்றைய ஒரு மதிப்பீட்டுக் குழு அந்த இடைவெளியை எப்படிப் படித்திருக்கும் என்பது எனக்குக் கவலை தரும் கேள்வி.

கெடுவுக்கு ஏற்ற கேள்வி எது என்றால், தரவு ஏற்கெனவே கிடைக்கக்கூடியது, காரண விளைவைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடிவது, நடுவர்களுக்குப் பழக்கமான முறையில் அடங்குவது. இப்படி வந்த ஆய்வுகளில் மிக நல்லவை பல உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் பெரிய, கலங்கலான, பத்தாண்டு கேட்கும் கேள்விகளை இளையவர்கள் ‘நிரந்தரம் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கிவைக்கிறார்கள். அதற்குள் முப்பத்தாறு முப்பத்தேழு வயது ஆகிவிடும், பழக்கமும் உறுதிப்பட்டுவிடும்.

எல்லா நாட்டிலும் இதே ஏற்பாடு இல்லை. பிரிட்டனில் தகுதிகாண் காலம் முடிந்ததும் பணி ஓரளவு உறுதியாகிவிடும், ஆனால் துறைகளின் ஆய்வுத் தரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு தழுவி மதிப்பிட்டு அதன்படி நிதி ஒதுக்குகிறார்கள். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டாவது பெரிய ஆய்வேடு எழுதி, ஒரு பேராசிரியர் இருக்கை காலியாகும் வரை காத்திருப்பது நெடுங்கால மரபு. முந்தைய தலைமுறையில் வழிகள் இன்னும் நெகிழ்வாக இருந்தன. அமர்த்தியா சென் 1956-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறையைத் தொடங்கித் தலைமை ஏற்றபோது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றைய அமெரிக்க முறையில் அந்த வயதுக்காரர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்.

கற்பித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிது, ஆனால் அது என்னை உறுத்துவது. ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் மோசமான வகுப்பு ஒருவரைப் பின்னுக்கு இழுக்கலாம், அருமையான வகுப்பு மட்டும் யாரையும் நிரந்தரமாக்காது. உலகில் பெரும்பாலான பொருளியல் பேராசிரியர்களோ கற்பித்தலையே முதன்மையாகக் கொண்ட கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு பாடங்கள், நூற்றுக்கணக்கான விடைத்தாள்கள். அவர்களையும் அதே ஆய்விதழ்ப் பட்டியலால் அளக்கும்போது, வகுப்பறையில் செய்யும் வேலைக்குக் கணக்கே இல்லாமல் போகிறது.

மாற்றத்துக்கான முயற்சிகளும் நடக்கின்றன. அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2009-ல் நான்கு புதிய ஆய்விதழ்களைத் தொடங்கியது. 2019-ல் வந்த அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ: இன்சைட்ஸ், 6,000 சொற்களுக்குள் அடங்கும் கட்டுரைகளை மட்டும் எடுக்கிறது. நெடிய திருத்தச் சுற்றுகள் அங்கே இல்லை, சிறு திருத்தங்களோடு ஏற்பு அல்லது நிராகரிப்பு. இளையவர்களுக்கு இது ஓராண்டை, ஈராண்டை மிச்சப்படுத்தும். ஆனால் அந்தக் கட்டுரை மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேசைக்கு வரும்போது, சுற்றி உட்கார்ந்திருக்கும் மூத்த பேராசிரியர்கள் அதைத் திறந்து படிக்கிறார்களா, அல்லது ‘இது அந்த ஐந்தில் வருமா’ என்று மட்டும் கேட்கிறார்களா என்பதில்தான் அந்த முயற்சிகளின் பலன் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் அனைவரும் பணி உறுதி பெற்றவர்கள். கட்டுரையைப் படித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்ல அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது.